ரொட்ரிகோவை நான் கல்யாணம் கட்டிய சனிக்கிழமை

"அசையாமல் நில். நீ மூச்சு விட்டாலும் சத்தம் கேக்குது" என்று ரொட்ரிகோ உதட்டை அசைக்காமல் சொன்னான்.

அவன் சொன்னது சரி. என் தலையில் நோர்வே மணப்பெண்ணின் கிரீடம் இருந்தது. வெள்ளியில் செய்து பொன்முலாம் பூசியது. விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னத் தகட்டு இலைகள் தொங்கின. நான் மூச்சை இழுத்தால் கிலுங், விட்டால் கிலுங்.

எங்களுக்குப் பின்னால் ஒரு பழைய மரக்கோயில், முழுக்கப் பலகையால் கட்டிய தேவாலயம். வெயிலில் சுவரின் தார் இளகி மணந்தது. முன்னால் வயலின்காரர் ஒருவர் காலால் தாளம் போட்டபடி நின்றார். சுற்றிவர ஊர்ப்பட்ட சனம். எல்லார் கையிலும் கமரா.

அந்தச் சனத்துக்குள் ஒரு செம்மஞ்சள் குடையைக் கண்டேன். ஒஸ்லோவில் வெயிலுக்குக் குடை பிடிக்கிற ஒரே ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். எங்கள் மாடிக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருக்கிற பூமணி அன்ரி.

அன்ரி என்னைப் பார்த்தார். என் கிரீடத்தைப் பார்த்தார். என் கையைப் பிடித்திருந்த ரொட்ரிகோவைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் குடையை மடக்கிவிட்டுக் கமராவை எடுத்தார்.

"சிரி. கல்யாணப் பொம்பிளை மாதிரிச் சிரி" என்றான் ரொட்ரிகோ.

என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்துவிட்டேன். படத்தில் விழுந்தது அந்தச் சிரிப்புத்தான்.

இந்தத் தொடரில் இதுவரை வந்தவர்கள் பெரும்பாலும் என் சொந்தக்காரர்கள். இந்த வாரம் வருகிறவன் எனக்கு ஒரு உறவும் இல்லை. ஆனாலும் ஒரு வாரம் முழுக்க, ஒஸ்லோவில் பாதித் தமிழ்ச்சனம் அவனை என் புருசன் என்று நம்பியிருந்தது.

மார்த்தாவை அறிமுகப்படுத்தினார்கள்

புது நூற்றாண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் படித்துக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறையில் ஒரு திறந்தவெளி அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்தது. நாட்டின் மூலைமுடுக்கிலிருந்து பழைய பண்ணை வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, ஒரு மலைச்சரிவில் மறுபடி பொருத்தி வைத்திருந்தார்கள். கூரையில் புல் முளைத்த வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் அந்தக்கால உடுப்போடு ஆட்கள் இருக்கவேண்டும். என் வேலை ஒரு பண்ணை வீட்டு அடுப்படியில் லெவ்சே சுடுவது. உருளைக்கிழங்கும் மாவும் குழைத்து மெல்லிசாகத் தட்டிச் சுடுகிற ரொட்டி. என் கையில் அது எப்போதும் வட்டமாக வந்ததால் உடனே பிடித்துப்போட்டார்கள். ரொட்டி தட்டிப் பழகிய கை என்று அவர்களுக்கு நான் சொல்லவில்லை.

ஒரு நாள் காலை, வெள்ளைச் சட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு, பையில் பேனாவோடு ஒருவன் படலையடியில் வந்து நின்றான். கையில் ஒரு பூதக்கண்ணாடி. அது அவன் சொந்தக் காசில் வாங்கியதாம்.

அவன்தான் ரொட்ரிகோ. தாய் தகப்பன் சிலி நாட்டுக்காரர். கைக்குழந்தையாக வந்து, ரொம்சோஸில் வளர்ந்தவன். எங்கள் வீடு குரோருட்டில். ரயிலில் எங்களுக்கு அடுத்த நிலையம்தான் அவனுடையது. பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்துக்கொண்டு, கோடைக்குப் பயிற்சியாளனாக வந்திருந்தான். சம்பளம் இல்லை. ஆனால் பயிற்சி முடிந்து மேற்பார்வையாளர் 'திருப்தி' என்று சொன்னால்தான் அந்த வருடப் படிப்பு செல்லும்.

அந்த மேற்பார்வையாளர் தூருன். பண்ணை வீடுகளுக்கெல்லாம் பொறுப்பான அம்மணி. வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். பழைய காலத்துக்கு ஒவ்வாத எதையும் மூக்கால் கண்டுபிடிப்பார். மணிக்கூடு, சூயிங்கம், வாசனைத் திரவியம் எல்லாம் காலையில் வாசலிலேயே பறிமுதல். ஒருமுறை என் கால் சின்னவிரலில் அரைப் பொட்டு நகப்பூச்சு மிச்சமிருந்ததைச் செருப்புக்கு மேலாலேயே பிடித்தார்.

"பழைய வரைபடங்கள் எந்தக் கட்டடத்தில் இருக்கின்றன?" என்று ரொட்ரிகோ மரியாதையாகக் கேட்டான். ஆவணக் காப்பகத்தில் வேலை என்றுதான் அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

தூருன் அவனிடம் முழங்காலோடு நிற்கிற ஒரு கம்பளிக் காற்சட்டையை நீட்டினார். பிறகு பட்டிக் கதவைத் திறந்தார்.

"இது மார்த்தா" என்றார்.

மார்த்தா ஒரு வெள்ளாடு. வெளியே வந்து, அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அயன் பண்ணிய சட்டையின் வால்பக்கத்தை மெல்லத் தொடங்கியது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நானும் ரொட்ரிகோவும் கதைத்ததெல்லாம் நொஸ்க்கில், அதாவது நோர்வே மொழியில். ஆனால் இத்தனை வருடம் கழித்து நினைக்கும்போது, என் காதுக்குள் அவன் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறான். திருத்த முடியவில்லை. அப்படியே எழுதுகிறேன்.

முதல் வாரம் முழுக்க அவன் தும்மினான். வைக்கோல் ஒத்துக்கொள்ளவில்லை. அடுப்படி யன்னலால் பார்த்தால், வைக்கோல் போருக்குப் பின்னால் தும்மல் கேட்கும், கொஞ்சம் பொறுத்து மார்த்தா கத்தும், பிறகு ஒருவன் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடுவான், பின்னால் ஆடு. உல்லாசப் பயணிகள் கை தட்டுவார்கள். அது நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்தார்கள்.

"நான் பூதக்கண்ணாடி கொண்டு வந்தனான், ஜெசி" என்று மத்தியானச் சாப்பாட்டில் சொல்லுவான். "பூதக்கண்ணாடி!"

"நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள்?"

அவனை ஆட்டை விட அதிகம் துரத்தியது இந்தக் கேள்விதான். பஸ் நிறைய வந்து இறங்குகிறவர்கள் புல்லுக்கூரை, மரவேலி, ஆடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்து, கடைசியில் எங்களைக் கண்டதும் ஏமாந்துபோவார்கள். ஒருவர் என்னிடமே கேட்டார்: "உண்மையான நோர்வேக்காரர் எத்தனை மணிக்கு வருவார்கள்?"

நான் "மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார்கள்" என்று சொல்லித் தப்பிவிடுவேன். ரொட்ரிகோவுக்கு அது போதவில்லை. பழையகால வேடத்தில் நிற்பதானால் அந்தக்காலத்துக்கு ஒரு காரணமும் வேண்டும் என்றான். அடுத்த பஸ் வந்தபோது, வைக்கோல் அள்ளுகிற முள்ளை ஊன்றிக்கொண்டு தொடங்கினான்.

"புயல் அடிச்ச இரவு. ஸ்பானியக் கப்பல் ஒண்டு எங்கடை கரையிலை உடைஞ்சு போச்சு. தப்பினது ஒரே ஒரு மாலுமி. அவர்தான் என்ரை பூட்டன்."

சனம் வாயைப் பிளந்தது. அவனுக்கு உற்சாகம் ஏறியது. நாளுக்கு நாள் கப்பல் பெருத்தது. மாலுமி கப்பல் தலைவரானார். பிறகு பிரபுவானார். ஒரு கட்டத்தில் மார்த்தாவின் பூட்டியும் அதே கப்பலில் வந்து இறங்கியது.

"அப்ப உள்ளே ரொட்டி சுடுகிற பெண்?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள்.

"அவள் தரங்கம்பாடி" என்றான் ரொட்ரிகோ யோசிக்காமல்.

எனக்கு வாசலில் கூட்டம் கூடியபோதுதான் விஷயம் தெரிந்தது. ரொட்டி தட்டுகிற கட்டையோடு வெளியே ஓடினேன்.

"தரங்கம்பாடியோ? நான் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறை! அது ஒரு நாடு, இது ஒரு நாடு."

"பொறு. இது பொய்யில்லை" என்றான். "டென்மார்க்கும் நோர்வேயும் ஒரே ராசாவுக்குக் கீழ இருந்த காலத்திலை தரங்கம்பாடியிலை அவையளுக்குக் கோட்டை இருந்தது. இஞ்சை இருந்து மாலுமிகள் போனவை. போன கப்பல் திரும்பி வரேக்கை ஆரும் ஏறி வந்திருக்கக்கூடாதோ?"

கோட்டை உண்மை. சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது. ஏறி வந்ததாக அவன் சொன்ன பெண் மட்டும்தான் அவன் படைப்பு.

அவன் கெட்ட காலம், அன்று மத்தியானம் வந்த கூட்டத்தில் சென்னையிலிருந்து ஒரு குடும்பம். அம்மாவும் அப்பாவும் மென்பொருள் வேலைக்கு வந்த மகனும். அந்த அம்மா நேரே அடுப்படிக்குள் வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, வெளில ஆடு மேய்க்கிற பையன் சொல்றான், உங்க பாட்டியோட பாட்டி தரங்கம்பாடியாமே? எங்களுக்கு மாயவரம்தான்! எந்தத் தெருன்னு தெரியுமா?"

"இல்லை அன்ரி, நான் யாழ்ப்பாணம். அவன் சும்மா கதை விடுறான்."

"பாத்தியா!" என்று அவர் மகனிடம் திரும்பினார். "முன்னூறு வருஷம் ஆச்சு. தமிழ் கொஞ்சம் மாறிப்போச்சு, ஆனா மறக்கல பாரு!"

அவர் கண் கலங்கி என் கன்னத்தைத் தடவியதை, வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நின்றபடி தூருன் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை ரொட்ரிகோவுக்குக் கிடைத்தது நீண்ட பேச்சு. சாரம் இதுதான்: இனி அவன் வாயிலிருந்து இன்னொரு கப்பல் வந்தால் பயிற்சி அன்றோடு முடிந்தது. வேடத்தில் நிற்கும்போது, கொடுத்த பாத்திரம் சொல்லக்கூடியதை மட்டும் சொல்லவேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

ரயிலில் வரும்போது அவன் யன்னலோடு சாய்ந்துகொண்டிருந்தான். குரோருட்டில் நான் இறங்க எழுந்தபோது சொன்னான்:

"ஒரு வருசம் வீணாப் போனால் அம்மா என்னை உயிரோட விடமாட்டா, ஜெசி. அவ இரண்டு இடத்திலை துப்புரவு வேலை செய்துதான் என்னைப் படிப்பிக்கிறா."

அன்றைக்குத்தான் அந்தக் கப்பல் கதைகளுக்குப் பின்னால் ஒரு பயந்த பிள்ளை இருப்பது எனக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பிரிந்தவர்கள்

கோடையின் நடுவில் அங்கே ஒரு பெரிய நாள் வரும். பழையகாலப் பண்ணைக் கல்யாணத்தை அப்படியே நடித்துக் காட்டுவார்கள். குதிரை வண்டி, வயலின், மரக்கோயில், புளித்த பாலாடைக் கஞ்சி. மணமக்கள் சில்யேயும் ஹென்ரிக்கும். இரண்டு பேரும் பொன்னிறத் தலைமயிர், நெடுநெடுவென்ற உயரம். நிஜத்திலும் காதலர்கள். எல்லாம் பொருத்தம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர்கள் பிரிந்துவிட்டார்கள்.

ஏன் என்று இன்றுவரை தெரியாது. சனிக்கிழமை காலை சில்யே தொலைபேசியில் தூருனிடம் சொன்னது மட்டும் அலுவலகம் முழுக்கக் கேட்டது: "அவனை நான் நாடகத்திலும் கட்டமாட்டேன்!"

குதிரை வந்துவிட்டது. பாதிரியாராக நடிக்கிற, நுழைவுச்சீட்டு விற்கும் மனிதர் கறுப்பு அங்கியும் கழுத்தில் வெள்ளை மடிப்புப் பட்டியும் போட்டுவிட்டார். சனம் வரிசையில் நிற்கிறது. தூருன் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்தார். மிச்சம் இருந்த வேலையாட்கள் ஒன்றில் ஓய்வூதியம் எடுக்கிற வயது, அல்லது பள்ளிக்கூட வயது. கடைசியில் என் அடுப்படிக்கு வந்தார். என் மூக்கில் மா ஒட்டியிருந்தது.

"உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?"

"இல்லை. பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்தவாங்கரில்."

உண்மைதான். ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கம்பனியில் வேலை செய்கிற ஒரு பொறியியலாளர். அவர் தன் காருக்குப் பக்கத்தில் நிற்கிற படம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. படத்தில் காரின் முகம்தான் தெளிவாக விழுந்திருந்தது.

"ஸ்தவாங்கர் பொறுக்கும்" என்றார் தூருன்.

சில்யேயின் உடுப்புக்குள் என்னைப் போல இரண்டு பேர் நிற்கலாம். முதுகுப் பக்கம் முழுக்க ஊசி குத்தி ஒடுக்கினார்கள். அந்தக் காலத்தில் சட்டை ஊசி இருந்ததா என்று தூருன் ஒரு நிமிடம் யோசித்து, இருந்தது என்று முடிவு செய்து அனுமதித்தார். ரொட்ரிகோவைப் பட்டியிலிருந்து இழுத்து வந்து, வைக்கோல் தட்டி, வெள்ளிப் பொத்தான் வைத்த மேற்சட்டையைப் போட்டுவிட்டார்.

"இன்றைக்கு நீ மணமகன். மணமகன் சொல்லக்கூடியதைத்தான் சொல்வாய். கப்பல்?"

"இல்லை" என்றான் ரொட்ரிகோ.

"தரங்கம்பாடி?"

"இல்லவே இல்லை."

கோயிலுக்குள் இருட்டும் குளிரும். பாதிரியார் பழைய மொழியில் ஏதோ வாசித்தார். ரொட்ரிகோ மூன்று தரம் தும்மினான். வெளியே வந்தபோது வெயில் கண்ணில் குத்தியது. சனம் ஆரவாரம் செய்தது. ஒரு கிழவி என் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னார். வயலின்காரர் முன்னே நடக்க, நாங்கள் பின்னால் நடந்தோம்.

நடந்துகொண்டிருக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. கிரீடம் வைத்த பிறகு ஒருவரும் எங்களை எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்கவில்லை. மணப்பெண், மணமகன், அவ்வளவுதான். என் கழுத்து தானாக நிமிர்ந்தது. பக்கத்தில் ரொட்ரிகோவும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான்.

அப்போதுதான் செம்மஞ்சள் குடை.

படம் எடுத்து முடித்த பூமணி அன்ரி என்னிடம் வரவில்லை. என்னைக் குதிரை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அன்ரி நேரே ரொட்ரிகோவிடம் போனார். அவனுக்கு ஒரு முழம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு தூருன் நின்றார்.

"நீ அவளைக் கல்யாணம் கட்டினனியோ?" என்று அன்ரி நொஸ்க்கில் கேட்டார்.

ரொட்ரிகோ தூருனைப் பார்த்தான். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

"ஓம்" என்றான். "இண்டைக்குத்தான்."

"அவளின்ரை அப்பாவுக்குத் தெரியுமோ?"

மணமகன் என்ன சொல்லுவான்? "அவர் எங்களுக்கு ஒரு பசு மாடு தாறார்" என்றான்.

லுத்தரன் கோயில்

நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா செபமாலையோடு கதிரையில் இருந்தார். அப்பா யன்னலடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பூமணி அன்ரியின் கதை எனக்கு முதலே வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை.

"நூதனசாலையிலை ரொட்டி சுடுற வேலை எண்டுதானே சொன்னனீ?" என்றார் அப்பா, திரும்பாமலே.

"ஓமப்பா. இண்டைக்கு மட்டும் நாடகம். மணப்பெண்ணா நடிக்கிறவள் வரேல்லை."

"கோயிலுக்குள்ளை வைச்சு, சுவாமியார் வந்து?"

"அவர் ரிக்கெற் விக்கிற ஆள் அப்பா!"

அம்மா செபமாலையைக் கீழே வைத்தார். "எல்லாத்தையும் விடு. லுத்தரன் கோயிலிலை போய் நிண்டிருக்கிறாய். எங்கடை கத்தோலிக்கப் பரம்பரையிலை ஆரும் வேதம் மாறினதில்லை. என்ரை தாயே, மாதாவே!"

"மாடு என்ன கதை?" என்றார் அப்பா. "நான் மாடு குடுக்கிறனாமே. லண்டனிலை இருந்து உன்ரை சித்தப்பா எடுத்துக் கேக்கிறான், சீதனமா மாடு குடுக்கிறியோ எண்டு!"

விளங்கப்படுத்தினேன். பாதி நம்பினார்கள். அதற்குள் கனடாவில் பெரியம்மா அழத் தொடங்கிவிட்டார். ஸ்தவாங்கரிலிருந்து மாப்பிள்ளையின் தாய் எடுத்து, "ஒண்டுமில்லை, சும்மா சுகம் விசாரிக்க" என்று சொல்லிவிட்டு நெடுநேரம் சும்மா இருந்தார்.

திங்கட்கிழமை ரொட்ரிகோவிடம் சொன்னேன். அவன் முகம் வெளிறிவிட்டது.

"நான் வந்து உங்கடை அப்பாட்டை மன்னிப்புக் கேக்கிறன்."

"வேண்டாம். தானா அடங்கும்."

"இல்லை ஜெசி. பசு மாட்டை நான்தான் சொன்னனான். அம்மாவும் சொல்லிப்போட்டா, நேரை போகத்தான் வேணும் எண்டு."

நான் தடுத்தும் கேட்கவில்லை.

கேக்கோடு வந்தவர்கள்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மணி அடித்தது. அப்பா கதவின் கண்ணாடித் துளையால் பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

"இஞ்சை வாருமப்பா" என்று அம்மாவைக் கூப்பிட்டார். "கோட் போட்டு வந்திருக்கிறான். தாயோடை."

மன்னிப்புக் கேட்க வெறுங்கையோடு போகக்கூடாது என்பது ரொட்ரிகோவின் தாய் கார்மெனின் கொள்கை. அதனால் ஒரு பெரிய கேக். ஒரு கட்டுப் பூ. ஒரு கூடை பழம். தாய் காதில் தோடு மின்ன, நல்ல உடுப்பில் வந்திருந்தார். தமிழ் வீடு ஒன்றுக்கு, பெடியனும் தாயும் பூவும் பழமும் பலகாரமுமாக ஞாயிறு பின்னேரம் வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த இரண்டு அப்பாவிகளுக்கும் தெரியாது. படிக்கட்டில் மேலே ஒரு கதவு மெதுவாகத் திறந்த சத்தம் கேட்டது. மூன்றாம் மாடி.

ரொட்ரிகோ இன்னொரு வேலையும் செய்திருந்தான். ரொம்சோஸில் தங்கள் கீழ்வீட்டுத் தமிழ்ப் பெடியனிடம் ஒரு தமிழ் வசனம் பாடமாக்கி வந்திருந்தான். 'உங்கள் மகளுக்கு வந்த சிக்கலைப் பற்றிக் கதைக்க வந்தேன்' என்று சொல்லவேண்டும். அந்தப் பெடியனுக்கும் தமிழ் அரைகுறை.

ரொட்ரிகோ குதிக்காலைச் சேர்த்து நின்று, அப்பாவைப் பார்த்து, தெளிவாகச் சொன்னான்:

"மாமா. உங்கடை மகளின்ரை விசயமாக் கதைக்க வந்தனான்."

அப்பா சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா மட்டும் நின்றார். கார்மெனை நேராகப் பார்த்து, தன் நொஸ்க்கில் கேட்டார்: "உன் மகன், என் மகள், கல்யாணம் வேணுமா?"

"கல்யாணமா?" கார்மெனின் கையில் கேக் ஆடியது. "இவனா? இவனுக்குத் தன் காலுறை எங்கே இருக்கிறது என்றே தெரியாது! படிப்பு முடியவில்லை. கல்யாணமாம்! வேண்டாம், வேண்டவே வேண்டாம்!"

அம்மாவின் முகத்தில் நிம்மதி வந்தது. அது ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது.

"ஏன் வேண்டாம்? என் மகளுக்கு என்ன குறை?"

"குறை என்று நான் சொன்னேனா?"

"வேண்டாம், வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னாய்!"

ரொட்ரிகோ என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தேன்.

கார்மென் கேக்கை மேசையில் வைத்துவிட்டு, கண்ணைச் சுருக்கி அம்மாவை உற்றுப் பார்த்தார். "உன்னை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நிற்பாய். நாங்கள் பாடிக்கொண்டிருக்கும்போது மணிக்கூட்டைப் பார்ப்பாய்."

எங்கள் தேவாலயத்தில் ஸ்பானியப் பூசை முடிந்த பிறகுதான் தமிழ்ப் பூசை. ஸ்பானியப் பூசை ஒருபோதும் நேரத்துக்கு முடிந்ததில்லை. குளிர்காலத்தில் நாங்கள் வெளியே நின்று விறைப்போம். இது அம்மா வருடக்கணக்காக வைத்திருந்த புண்.

"நீயா அந்தக் கூட்டம்!" என்றார் அம்மா. "முடிந்த பிறகும் ஒரு பாட்டு! அது முடிந்த பிறகு இன்னொரு பாட்டு! பிறகு வாசலில் நின்று ஒருவரை ஒருவர் கொஞ்சுவது! எங்கள் சுவாமியார் பனிக்குள் நிற்கிறார்!"

"உங்கள் சுவாமியார் உள்ளே வரலாமே. கதவு திறந்துதானே இருக்கிறது?"

"உள்ளே கிதார்!"

அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை. இரண்டு பேரும் உடைந்த நொஸ்க்கில் ஒரு மணிநேரம் சண்டை பிடித்தார்கள். இடையில் அம்மா எழுந்துபோய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கேக் வெட்டப்பட்டது. கடைசியில் கார்மென், பூசை முடிந்த பின் ஒரு பாட்டுத்தான் என்று ஒப்புக்கொண்டார். அம்மா, மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார். இரண்டும் நடக்கவில்லை என்பது வேறு கதை.

அப்பா ரொட்ரிகோவைத் தன் பக்கத்தில் இருத்தினார்.

"தம்பி, அந்த மாடு ஏன் சொன்னனீர்?"

ரொட்ரிகோ எல்லாவற்றையும் சொன்னான். தூருன், கப்பல், வருடம் வீணாகிற பயம், மார்த்தா சட்டை தின்றது. சட்டைக் கதைக்கு அப்பா சிரிக்கத் தொடங்கினார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது குறைவு. சோபாவே குலுங்கியது.

அந்த நேரத்தில் ஸ்தவாங்கரிலிருந்து அழைப்பு. மாப்பிள்ளையின் தாய்தான். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். நடிப்பென்று விளங்குது, ஆனால் வேற்று ஆளோடு கை கோத்து நின்ற படம் எங்கள் பக்கத்துச் சனத்துக்கெல்லாம் போய்விட்டது, அதுதான் யோசிக்கிறோம் என்று அந்த அம்மா இழுத்தார்.

"வடிவா யோசியுங்கோ" என்றார் அப்பா. "யோசிச்சு முடியுமட்டும் என்ரை பிள்ளை இஞ்சை சும்மா இருக்காது. வேலைக்குப் போகும். நாளைக்கும் நடிக்கச் சொன்னால் நடிக்கும். வைக்கிறன்."

வைத்துவிட்டு, இன்னொரு துண்டுக் கேக் எடுத்தார். ஸ்தவாங்கர் அதோடு முடிந்தது. எனக்குத் துக்கம் வரும் என்று காத்திருந்தேன். பசிதான் வந்தது.

காப்பகத்தில் இரண்டு நாள்

ரொட்ரிகோவின் பயிற்சி தப்பியது. சொன்னதற்கு மேல் ஒரு சொல்லும் பேசாத மணமகன் என்று தூருனுக்கு அவனில் மதிப்பு வந்துவிட்டது. ஒரு காலை பட்டியடிக்கு வந்து, "தரங்கம்பாடிக் கோட்டையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். உண்மையான பகுதியை மட்டும் எழுதித் தா. காப்பகத்தில் உனக்கு ஒரு மேசை போட்டிருக்கிறேன்" என்றார்.

ரொட்ரிகோ பூதக்கண்ணாடியோடு ஓடினான். கோடை முழுக்க அவன் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான்.

மூன்றாம் நாள் காலை, வைக்கோல் போருக்குப் பின்னால் பழக்கமான தும்மல் கேட்டது. மா கையோடு போய்ப் பார்த்தேன். மார்த்தா அவன் சட்டைக் கையை மென்றுகொண்டிருந்தது. அவன் தடுக்கவில்லை.

"அங்கை ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்லை, ஜெசி" என்றான். "தூசு, பெட்டி, பிறகும் தூசு. பின்னேரத்திலை அங்கை போறன் எண்டு சொல்லிப்போட்டன். காலமையிலை இஞ்சை."

கோடை முடிந்து அவரவர் படிப்புக்குத் திரும்பினோம். ரொட்ரிகோ பின்னாளில் சரித்திர ஆசிரியனானான். வகுப்பில் கப்பல்கள் உடைகின்றனவா என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறான்.

அடுத்த வசந்தத்தில் ஒரு பின்னேரம், வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தேன். எங்கள் கட்டடத்தின் கீழ்வாசலில், தபால் பெட்டிகள் வரிசையாக இருக்கிற சுவரோரம் அப்பா நின்றார். கை நிறையப் பளபளப்பான தாள்கள். அருங்காட்சியகத்தின் புதுப் பருவ விளம்பரம் ஒவ்வொரு பெட்டியிலும் செருகியிருந்தது. அட்டை முழுக்க நானும் ரொட்ரிகோவும், கிரீடமும் சிரிப்புமாக.

மறுபடியுமா! சனம் காணமுதல் மனுசன் ஒவ்வொரு பெட்டியாக எடுத்து ஒளிக்கிறார் என்று நினைத்தேன்.

"எல்லாத்தையும் எடுத்துப்போட்டீங்களோ அப்பா?"

"எடுக்கிறதோ? இது நூதனசாலை அலுவலகத்திலை போய்க் கேட்டு வாங்கினது. அம்மா கனடாவுக்கும் லண்டனுக்கும் அனுப்பவேணுமாம். வடிவா விழுந்திருக்கிறாய்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "மூண்டாம் மாடிக்குக் கிடைக்கேல்லைப் போல. பார், விளம்பரம் வேண்டாம் எண்டு பெட்டியிலை ஒட்டி வைச்சிருக்கிறா."

படிக்கட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. பூமணி அன்ரியின் தபால் பெட்டியின் வாயை ஒரு விரலால் நெம்பித் திறந்து, மடித்து, ஒன்றை உள்ளே தள்ளினார். அது உள்ளே விழுந்த சத்தம் கேட்ட பிறகு, இன்னும் இரண்டைத் தள்ளினார்.